சார்ஜரைச் செருகியதும் பச்சை விளக்கு, ஆனால் சார்ஜ் ஏறவில்லை: பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

உடனே மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். உங்கள் 48 வோல்ட் லித்தியம் அயன் ஸ்கூட்டரில் பேட்டரி காலியாக இருக்கும்போதே சார்ஜரில் பச்சை எரிகிறது, பழுது பார்த்தவர் பேட்டரி போய்விட்டது என்கிறார். இதே சொல்லைக் கேட்டுப் புதுப் பேட்டரிக்கு முன்பணம் கட்டும் வரை போனவன் நான். என் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

பச்சை என்றால் நிறைந்துவிட்டது என்று நினைக்கப் பழகிவிட்டோம். விளக்கின் நிறத்தை மாற்றச் சாதாரண சார்ஜர் பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும்தான். அது ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பச்சை எரியும். நிறைந்த பேட்டரியும் மின்னோட்டம் இழுக்காது, அறுந்த வயரும் இழுக்காது.

ஆகவே பாதை எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. (நேர் மின்னோட்ட) வோல்ட்டில் வைத்துச் சார்ஜரின் முனையை அளங்கள். 13 செல் வரிசையாக உள்ள பேட்டரிக்கு 54.6 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். (பேட்டரியோடு இணைத்த பிறகே வோல்ட் தரும் சார்ஜர்களும் உண்டு. பூஜ்யம் வந்தவுடன் அதைத் தூக்கி எறிய வேண்டாம்.) பிறகு மோட்டாருக்குப் போகும் பேட்டரி முனைகளை அளங்கள். மீட்டரின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

எனக்குச் சார்ஜரில் 54.5, பேட்டரியில் 46 வந்தது. இரண்டிலும் வோல்ட் இருக்கிறது, அப்படியானால் கோளாறு இடையில். சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி, மெழுகு வழிந்ததுபோல் அதன்மேல் படிந்திருந்தது. கருகிய வாடை வேறு. இணைப்பு தளர்ந்து அரை ஓம் தடை வந்தால்கூட, 5 ஆம்பியர் பாயும்போது 12.5 வாட் வெப்பம் அந்தக் கடுகளவு இடத்தில் பிறக்கிறது. இப்படிப்பட்ட பின்னைச் சுரண்டித் துடைத்து ஓட்டாதீர்கள். துளையையும் சார்ஜர் முனையையும் சேர்த்து மாற்றுங்கள். நான் மாற்றிய அன்றே சார்ஜ் ஏறியது.

துளை சுத்தமாக இருந்தால் சார்ஜ் வயரில் உள்ள பியூஸைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை தடுத்திருக்கலாம். ஏதோ ஒரு செல்லின் வோல்ட் வரம்பு மீறினாலும், பேட்டரி அதிகச் சூட்டிலோ உறைகுளிரிலோ இருந்தாலும் அது வழியை அடைத்துவிடும். வெயிலில் ஓட்டி வந்த கையோடு செருகினீர்களா? ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பேட்டரியை எழுப்பலாம் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வோல்ட் அடியோடு இறங்கி நெடுநாள் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து, பின்னர் உள்ளேயே குறுக்கிணைப்பு உண்டாகலாம். தீ அங்கிருந்துதான் கிளம்புகிறது. முனை பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் சார்ஜரையும் செருக வேண்டாம், 60 வோல்ட் சார்ஜருக்கும் அதே முனை இருக்கக்கூடும்.

பேட்டரி உறை உப்பியிருந்தாலோ, வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரி சுட்டாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். வண்டியை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, பேட்டரி பழுது பார்க்கத் தெரிந்தவரை அங்கேயே வரவழையுங்கள்.