குளுவாங்குக்குத் தனியாக ரயிலில் வரப்போகும் தங்கச்சிக்கு

கல்யாணம் முடிந்து மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் ஊரை அடுத்த ரெங்கம் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குக் குடிவரப் போகிறாய். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, கோலாலம்பூரில் இறங்கித் தனியாக ரயில் ஏறி வரச் சொல்கிறார்கள், அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வேலைக்குப் போகலாமா, ஸ்வெட்டர் வேண்டுமா, மிக்சி கொண்டு வரலாமா என்றும் கேள்வி. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ரயில் விஷயம், பொறுமையாகப் படி.

தனியாக வரலாம், தாராளமாக வா. ஆனால் "கே.எல்.லில் (கோலாலம்பூரில்) நம்ம ஆள் ஒருத்தர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. அந்த "நம்ம ஆள்" பட வைத்த பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் துறையூர்ப் பக்கத்துக்காரி. 2004இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. காய் அதிகமாக வரும் பருவம், அவரால் கிளம்ப முடியவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்த ஏஜெண்டை விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். அந்த ஆள் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். செண்ட்ரலில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "பாஸ்போர்ட் என்னிடம் இருக்கட்டும், விசா வேலைக்கு வேண்டும், நானும் இதே ரயிலில்தான் வருகிறேன்" என்று வாங்கிக்கொண்டார். அவர் காட்டிய பெட்டியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மலாய்க் குடும்பம் வந்து அதே சீட்டு எண்ணைக் காட்டியது. எண் சரிதான், பெட்டி வேறு. இரண்டு சூட்கேஸ், ஊறுகாய் ஜாடி, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டின் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற ரயிலில் பெட்டி பெட்டியாக நடந்தேன். என் இடம் கடைசிப் பெட்டியில் இருந்தது. ஏசி காற்று எலும்பு வரைக்கும் இறங்கியது.

அப்போது சிரம்பானைத் தாண்டினாலே ஒற்றைத் தண்டவாளம். எதிரே ரயில் வந்தால் ஏதாவது சின்ன ஸ்டேசனில் ஒதுங்கி நிற்க வேண்டும். கிம்மாஸ் வந்ததும் ரயில் நின்றது. கிழக்கே தும்பாட்டுக்கும் தெற்கே ஜொகூருக்கும் பாதை பிரிகிற இடம் அது, கொஞ்சம் நிற்கும்தான். ஆனால் அன்றைக்கு நின்றது நின்றதுதான். மலாயில் ஏதோ அறிவிப்பு வந்தது, பாதிப் பேர் மூட்டையோடு இறங்கிப் போனார்கள். இறங்குவதா, உட்கார்ந்திருப்பதா? கேட்கலாம் என்று ஏஜெண்டைத் தேடினால் ஆளைக் காணோம். பஸ் பிடித்துப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது, என் பாஸ்போர்ட்டோடு!

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. அந்த ரயில் குளுவாங்கோடு நிற்பதில்லை. ஜொகூர் பாரு, அப்புறம் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ஸ்டேசன் வரை போகும். தூங்கிப்போய் இறங்கத் தவறினால் விசா இல்லாமல், பாஸ்போர்ட்டும் இல்லாமல் அடுத்த நாட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு எதிர் சீட்டில் தம்பின் ஸ்டேசனில் ஏறிய வயதான தம்பதி. அவர் ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளுவாங்கில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஏம்மா, ஊரிலிருந்து வர்றியா?" என்று அவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் போன சரக்கு ரயில் எஞ்சின் பழுதாகி நடுவழியில் நிற்கிறது, அதை இழுத்துப் போட்ட பிறகுதான் நம்ம ரயில் கிளம்பும், அவசரக்காரர்கள் பஸ்ஸுக்குப் போகிறார்கள், நீ அசையாதே என்று விளக்கினார். அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு கைலியை எடுத்து என்னைப் போர்த்திவிட்டார். போன் பேச என்னிடம் 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) நோட்டுதான் இருந்தது, சில்லறை இல்லை. பெரியவரே பிளாட்பாரப் போனில் தன் காசைப் போட்டு என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னார். இருட்டு விலகும் நேரத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "முதல்ல பசியாறு" என்றார்கள். நெத்திலிச் சம்பல் காரத்தோடு அன்று சாப்பிட்ட அந்தச் சோறு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

விடிய விடிய பெரியவர் பேசிக்கொண்டே இருந்தார். இந்த ஜொகூர்ப் பாதை 1909இல் முடிந்ததாம், மண் சுமந்து சிலிப்பர் கட்டை போட்டவர்களில் நம் ஜனங்கள் எத்தனையோ பேர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இப்போதைய தாய்லாந்துக்கு) பிடித்துப் போனார்கள். 1942, 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட இங்கிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களை ஏற்றிப் போனது உனக்கும் தெரிந்திருக்கும். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் போனவர்கள் கணக்கில்லை. அவர் அப்பா திரும்பி வரவில்லை. அந்த மகன்தான் வளர்ந்து தண்டவாள வேலைக்கே போயிருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் சிலர் கே.எல்.லில் ஃபிளாட் எடுத்து உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் தோட்டத்து ஆளுங்க, அவங்க தமிழே ஒரு மாதிரி" என்று பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இவர்கள் ஏறி வருகிற தண்டவாளம் யார் போட்டது? நீ அப்படிப்பட்ட பேச்சைக் காதில் வாங்காதே. நடுவழியில் ஏதாவது ஆனால் முதலில் கை கொடுப்பது இந்தத் தோட்டத்து ஜனங்கள்தான். இன்னொரு கூட்டம், பத்து வருஷம் இருந்தும் கவுண்டரில் நாலு வார்த்தை மலாய் பேசத் தெரியாமல் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அத்தையிடம்) தினமும் பேசிப் பேசிக் கற்றேன். இப்போது குடிநுழைவு (இமிக்ரேஷன்) அலுவலகத்துக்குப் புதுப் பெண்களைக் கூட்டிப்போய் படிவம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். நீயும் கற்றுக்கொள்வாய்.

குளுவாங் வந்தபோது நல்ல வெயில். என் வீட்டுக்காரர் விடியற்காலை வரை காத்திருந்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தார். அந்தத் தம்பதி, மகள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகாமல், ஸ்டேசன் காப்பிக் கடையில் என்னோடு உட்கார்ந்தார்கள். 1938லிருந்து இருக்கிற கடை. கரியடுப்பில் வாட்டின ரொட்டியில் காயா (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த ஜாம்) தடவிக் கொடுப்பார்கள். நீ வரும்போது கட்டாயம் சாப்பிடு.

பாஸ்போர்ட் கதை அத்தோடு முடியவில்லை. அந்த ஆள் செலவுக் கணக்கு என்று பணம் கேட்டு வாரக் கணக்கில் இழுத்தடித்தார். போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்றதும்தான் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஏஜெண்டு, முதலாளி, சொந்தக்காரர் யார் கேட்டாலும் நகல் கொடு, அசலைக் கொடுக்காதே. அதிகாரி பார்க்கக் கேட்டால் கொடு, முன்னாலேயே நின்று திரும்ப வாங்கிக்கொள்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2011 ஜூலையிலிருந்து ரயில் தஞ்சோங் பகாருக்குப் போவதில்லை, இப்போது ஜொகூர் பாருவோடு நின்றுவிடுகிறது, அதனால் சிங்கப்பூர்ப் பயம் உனக்கு இல்லை. 2025இல் குளுவாங்குக்கே இ.டி.எஸ். மின்சார ரயில் வந்துவிட்டது, பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கிவிடலாம். டிக்கெட்டை ரயில்வே செயலியில் உன் பெயரில், உன் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு உன் கணவரையே எடுக்கச் சொல். கோச் எண்ணையும் சீட்டு எண்ணையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வை. விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இருக்கட்டும். விமான நிலைய ரயிலில் கே.எல். செண்ட்ரலுக்கு அரை மணிதான், ஆனால் குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளும் என்று யாருக்கும் தெரியாது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் ஏமாற்று. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஒட்டி வருவதானால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்னமே எடுங்கள்.

ரயிலுக்குள் "ஸ்டேசன் பெரிக்குத்ஞா" என்று சொன்னால் அடுத்து வரும் ஸ்டேசன் பெயர் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம், காதைக் கொடு. குளுவாங்கிலேயே இறங்கு. அங்கிருந்து காரில் போக நேர்ந்தால் "ரெங்கம்" என்று தெளிவாகச் சொல். சிம்பாங் ரெங்கம் வேறு ஊர், நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்ட கதை இங்கே நிறைய உண்டு. தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், உன் கணவரின் நம்பர் மூன்றையும் தாளில் எழுதிக்கொள். போனை மட்டும் நம்பாதே, சார்ஜ் தீரும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்.

மிக்சி வேண்டாம், இங்கே பிளக் மூன்று சதுர முனை, ஊர்ப் பிளக் பொருந்தாது, இங்கேயே வாங்கலாம். கறிவேப்பிலைக் கன்று, விதை எதையும் பெட்டியில் வைக்காதே, அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். ஸ்வெட்டர் ஊருக்குத் தேவையில்லை, ரயில் பெட்டிக்கு ஒரு சால்வை எடுத்து வா. வேலைக்குப் போவது பற்றி வந்த பிறகு பேசுவோம்; அது உன் கணவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தது, நீ அதைச் சொல்லவே இல்லை.

டிக்கெட் எடுத்ததும் தேதியையும் நேரத்தையும் எழுது. உன் கணவரால் வர முடியாவிட்டால் நான் குளுவாங் ஸ்டேசனுக்கு வருகிறேன்.