ஆன்ம சோதனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தவக்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் இரவு அரைமணி நேரம் ஆன்ம சோதனை செய்கிறேன். ‘நான் யார்’ என்று கேட்டுக்கொண்டு கண்மூடி அமர்வேன். பத்து நிமிடத்தில் பழைய பாவங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லிவிட்டவைகூட ‘சரியாகச் சொன்னோமா’ என்று உறுத்துகின்றன. எழும்போது என்மேலேயே வெறுப்புத்தான் மிஞ்சுகிறது. தன்னை அறிவது என்பது இதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரிசை மாறிப்போயிருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படிகள் வைத்தார். முதலில் நன்றி. அடுத்து, பாவத்தை அறியவும் களையவும் அருள் கேட்பது. மூன்றாவதுதான் கணக்குப் பார்ப்பது. பிறகு மன்னிப்பு, திருந்தும் உறுதி. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே மூன்றில் குதிக்கிறீர்கள். அப்போது பார்ப்பது உங்கள் கண் மட்டும்தான். 139ஆம் திருப்பாடல் பாடியவர் ‘என்னை நான் ஆராய்கிறேன்’ என்று சொல்லவில்லை. கடவுளிடம் ‘நீர் ஆராயும்’ என்று கேட்கிறார்.

கணக்குக்கும் எல்லை உண்டு: இன்று எழுந்ததிலிருந்து இப்போதுவரை, மணி மணியாக. நேற்று கிடையாது. ‘நான் யார்’ என்ற கேள்வி கைக்குள் அடங்காது. ‘பதினொரு மணிக்கு என்ன நடந்தது’ என்று கேளுங்கள். கூட்டத்தில் சக ஊழியர் ஒருவரைப் பாராட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் கைதட்டினீர்கள், இரண்டே தட்டு. உடனே ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே நில்லுங்கள். ‘பொறாமை’ என்று பெயர் ஒட்டிவிட்டு நகராதீர்கள், ஒட்டியதும் பார்ப்பது நின்றுவிடும். எது கைவிட்டுப் போய்விடும் என்று மனம் பயந்தது? தெரிந்ததைச் சொல் அலங்காரமில்லாமல் கடவுளிடம் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் தாராளம்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனி முறை உண்டு. காலையில் எழும்போதே அந்த ஒன்றைக் குறித்து உறுதி எடுப்பது, மதியமும் இரவும் சரிபார்ப்பது. தவறிய ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு புள்ளி. தவறிய அந்த நொடியிலேயே நெஞ்சில் கைவைத்து வருந்தச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிடலாம். ஒரு சமயத்தில் ஒரு குறைக்கு மேல் எடுத்தால் நோட்டு மூன்றாம் நாளே அலமாரிக்குப் போய்விடும்.

பழைய பாவ உறுத்தல் வேறு விஷயம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இஞ்ஞாசியாருக்கே அது வந்தது. ‘மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிர பழையது எதையும் திரும்பச் சொல்லாதே’ என்றார் குரு. பலிக்கவில்லை, அவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது! பழையதை இனிச் சொல்வதே இல்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுபட்டார்.

நீங்களும் குருவை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒருவரிடமே போங்கள், அவர் ‘போதும்’ என்றால் நிறுத்திவிடுங்கள். தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் மனநோய், இந்த வடிவிலும் வரும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.