பேரல் வெயிட் வாங்கும் முன் பதிமூன்று நாணயம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கோவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. குறி பார்க்கும்போது துப்பாக்கி முனை ஆடிக்கொண்டே இருக்கிறது என்கிறாள். கடையில் கேட்டால் மூன்று வளையம் கொண்ட பேரல் வெயிட் (துப்பாக்கிக் குழாயில் மாட்டும் எடை) செட் ஒன்றைக் காட்டி, "மொத்தம் 300 கிராம், மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும்" என்கிறார்கள். வாங்கலாமா? எத்தனை கிராம் போடுவது சரி?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், அம்மா. உங்கள் மகளுக்கு வெயிட் தேவையா என்பதே இன்னும் தெரியவில்லை. தேவைப்பட்டாலும் இந்த வயதில் 300 கிராம் வேண்டவே வேண்டாம்.

திருவிழாவில் கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீளமான மூங்கிலைப் பிடித்திருப்பார். அதே எடையுள்ள குட்டைக் கட்டையைக் கொடுத்தால் அவரால் நடக்க முடியாது. மூங்கிலின் இரு முனைகளும் உடம்பிலிருந்து தள்ளி இருப்பதால்தான் அது சட்டென்று சாய மறுக்கிறது. பேரல் வெயிட் செய்யும் வேலையும் இதுதான். எத்தனை கிராம் என்பதைவிட, தாங்கும் கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியம். கையிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் 200 கிராம் மாட்டினாலும், 50 செ.மீ. தூரத்தில் 100 கிராம் மாட்டினாலும் முனை கீழே இழுக்கும் இழுப்பு ஒன்றுதான். ஆனால் அசைவை எதிர்க்கும் குணம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். அதனால் 100 கிராம் வளையம் பாதி எடையில் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. கிராம் கணக்கில் செட்டாக விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்து, எந்த மாதிரி ஆட்டம் என்று பாருங்கள். முனை பொடிப் பொடியாக, வேகமாக நடுங்கினால் முன்பக்க எடை உதவும். உடம்போடு சேர்ந்து மெதுவாக இடம் வலம் போய்வந்தால் அது காலிலும் இடுப்பிலும் உள்ள குறை. எந்த வெயிட்டும் அதைத் தீர்க்காது, கோச்சிடம்தான் பேச வேண்டும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. முதல் 30 ஷாட் வரை நன்றாக இருந்துவிட்டு, 40-க்கு மேல் முனை மெல்லக் கீழே இறங்கும். அது களைப்பு. அந்தப் பிள்ளைக்கு வெயிட் மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட், அதற்கு முன் 15 நிமிடம் ஆயத்தமும் சைட்டிங் ஷாட்டுகளும் (குறியைச் சரிபார்க்கச் சுடுவது, ஸ்கோரில் சேராது). ஏர் ரைபிள் இலக்கில் 10-ஆம் வளையம் 0.5 மி.மீ. புள்ளிதான். அந்தப் புள்ளிக்குக் கடைசி 20 ஷாட்டில் கை எப்படி இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும், கடையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து அல்ல.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். பதிமூன்று நாணயம் சேர்ந்தால் 100 கிராம். முதலில் நான்கை அடுக்கி டேப் சுற்றுங்கள். பேரலின் வெளிக்குழாய் மேல் ஒரு துணிப் பட்டையைச் சுற்றி (இல்லாவிட்டால் கோந்து ஒட்டிக்கொள்ளும்), முனையருகே அந்த அடுக்கை வைத்துக் கட்டுங்கள். உள்ளே பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) இல்லை என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, வெள்ளைச் சுவரில் ஒட்டிய கரும்புள்ளியைப் பார்த்து டிரை பிராக்டிஸ், அதாவது குண்டில்லாமல் சுடும் பயிற்சி, செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நோட்டுடன் உட்காருங்கள். தூக்கியதிலிருந்து டிரிகர் விழும் வரை எத்தனை வினாடி, எத்தனை முறை சுடாமல் இறக்கினாள், இந்த இரண்டையும் மட்டும் குறியுங்கள். இரண்டு நாள் நான்கு நாணயம், இரண்டு நாள் எட்டு, பிறகு அதே எட்டை 15 செ.மீ. பின்னால் தள்ளி இரண்டு நாள். ஒரு வாரத்தில் நோட்டே பதில் சொல்லும். என்னிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் நான்கு நாணயத்திலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் அதையும் கழற்றிவிட்டார்கள், அவர்கள் ஸ்கோர் குறையவில்லை.

வளரும் வயது என்பதையும் மறக்காதீர்கள். ஏர் ரைபிளை நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பில் ஊன்றி, முதுகு பின்னால் வளைந்து, துப்பாக்கியின் முழுப் பாரமும் எலும்பில் இறங்குகிறது. முன்னால் கூட்டும் ஒவ்வொரு கிராமும் அந்த வளைவைக் கூட்டும். 16 வயது வரை முனையில் 100 கிராமைத் தாண்ட நான் சம்மதிப்பதில்லை. பயிற்சி முடிந்து இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்றால் அன்றே கழற்றிவிடுங்கள்.

சோதித்த பிறகும் தேவை என்று தெரிந்தால், செட்டாக இல்லாமல் தனி வளையமாக வாங்குங்கள். பேரல் வெளிக்குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பக்கம் வெட்டுவிட்டு ஆலன் ஸ்க்ரூவால் இறுகும் கிளாம்ப் வகை நல்லது. ஸ்க்ரூ முனையே நேராகக் குழாயில் குத்தி நிற்கும் வகை வேண்டாம், தழும்பு விழும். பணம் கொடுக்கும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். 100 கிராம் என்று எனக்கு விற்ற ஒன்று 82 கிராம்தான் இருந்தது. நான் நிறுத்துப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகு, கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை.

மாட்டிய பின் முழுத் துப்பாக்கியையும், டயாப்டர் சைட் (பின்பக்கம் குறி பார்க்கும் துளை) உட்பட, தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏர் ரைபிளுக்கு உச்ச எடை 5.5 கிலோ.

கேள்வி: மதுரையில் கல்லூரி மாணவன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். என் பிஸ்டல் ஏறக்குறைய 1 கிலோ. விதிப்படி 1,500 கிராம் வரை போகலாமாம். அந்த 500 கிராமையும் பேரலில் ஏற்றினால் நிலையாக நிற்குமா?

பதில்: தம்பி, 1,500 என்பது தாண்டக்கூடாத வேலி. அங்கே போய்த்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரைபிளில் எலும்பு தாங்குகிறது, பிஸ்டலில் நீட்டிய ஒற்றைக் கை தாங்குகிறது. முனையில் ஏற்றும் எடை மணிக்கட்டையும் தோளையும் ஒரே நேரத்தில் இழுக்கும். 60 ஷாட்டுக்கு 60 தரம் மட்டும் தூக்குவதில்லை. சைட்டிங் ஷாட்டும், சுடாமல் இறக்குவதும் சேர்த்தால் நூறைத் தொடும்.

ஆனாலும் பிஸ்டலில் முன் எடைக்கு ஒரு நல்ல பலன் உண்டு. டிரிகருக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. பிஸ்டலின் எடையே 1 கிலோ. அதில் பாதி அளவு விசையை ஒரு விரல் கொடுக்கும்போது முனை லேசாகத் துள்ளத்தான் செய்யும். முன்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் அந்தத் துள்ளல் அடங்கும். அதற்கு 20 முதல் 40 கிராம் போதும். 10 கிராம் 10 கிராமாகக் கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கொடுங்கள், கை பழக அவ்வளவு நாளாகும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பேரலின் மேல்பக்கம் காற்று வெளியேறும் துளைகள் இருந்தால் வெயிட் அவற்றை மூடக்கூடாது. வெயிட்டோடு சேர்த்து பிஸ்டல் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் துருத்தும் வெயிட் 50 மி.மீ. அகலத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டரில் கிளாம்ப் போடாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும் பாத்திரம் அது.

கேள்வி: வெளிநாட்டு வெயிட் விலை கட்டுப்படியாகவில்லை. லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. இதில் நுட்பம் ஒன்றும் இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும். துளை 22 மி.மீ., வெளி விட்டம் 40 மி.மீ., கனம் 10 மி.மீ. என்று பித்தளையில் கடைந்தால் சுமார் 75 கிராம் வரும். அதே அளவு அலுமினியத்தில் 24 கிராம்தான். துளை அளவை மட்டும் உங்கள் துப்பாக்கிக்கு ஏற்ப மாற்றுங்கள், உள்ளே மெல்லிய ரப்பர் ஒட்ட அரை மி.மீ. கூடுதலாக விடுங்கள். விளிம்புகளைச் சற்று மழுக்கித் தரச் சொல்லுங்கள். பட்டறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள், அளவெழுதிய தாள் போதும்.

கேள்வி: லைசென்ஸ் உள்ள .22 ரைபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். பேரல் வெயிட்டைச் சற்று முன்னால் நகர்த்தியதும் குறி மாறிவிட்டது, குரூப்பும் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) சிதறுகிறது. வெயிட் மட்டமானதா?

பதில்: வெயிட்டில் குறை இல்லை. .22-வில் தோட்டா வெடிக்கும்போது பேரல் முழுவதும் அதிர்கிறது. வெயிட் நகர்ந்தால் அதிர்வின் போக்கும் மாறும். தோட்டா வெளியேறும் கணத்தில் முனை வேறு பக்கம் பார்க்கும். அதனால் நகர்த்திய ஒவ்வொரு முறையும் மறுபடி ஜீரோ செய்தே (குண்டு விழும் இடத்துக்கு சைட்டைச் சரிசெய்தே) ஆகவேண்டும். 5 மி.மீ. வீதம் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ரைபிளை ரெஸ்டில் (அசையாத தாங்கியில்) வைத்துப் பத்து ஷாட் சுட்டுப் பாருங்கள். ஒரே பெட்டித் தோட்டாவாக இருக்கட்டும். ஸ்க்ரூவை இறுக்கும் அளவும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். குரூப் சுருங்கும் இடம் கிடைத்ததும், வெயிட்டின் பின்விளிம்பை ஒட்டிப் பேரலில் மெல்லிய டேப் ஒன்றைச் சுற்றி விடுங்கள். சுத்தம் செய்யக் கழற்றினாலும் அதே இடத்தில் கொண்டுவந்து வைக்கலாம்.