வடதுருவ ஒளியை எடுத்தால் படம் ஏன் மங்கலாக வருகிறது, என்ன செட்டிங் வைக்கலாம்?

பெரும்பாலும் ஃபோகஸில்தான் கோட்டை விடுகிறோம். இருட்டில் ஆட்டோஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதனால் மேனுவலுக்கு மாற்றி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகச் சுருங்கும்வரை வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை (வெகு தொலைவுக்கான ∞ அடையாளம்) நம்ப வேண்டாம், பல லென்ஸ்களில் அது கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

அப்புறம் டிரைபாட், வைட் லென்ஸ், அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 1600 முதல் 3200. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: ஒளி திரைச்சீலைபோல வேகமாக ஆடினால் 2 முதல் 5 நொடி, சோம்பலாக நகர்ந்தால் 10, 15 நொடிகூடப் போகலாம். வேகமாக ஆடும்போது நீளமாக வைத்தால் மடிப்பெல்லாம் கரைந்து வெறும் பச்சைப் புகைதான் மிஞ்சும்.

கண்ணுக்கு வெளிறிய மேகமாகத் தெரிவது படத்தில் பச்சையாக வருகிறதே என்றால், அது ஏமாற்று இல்லை. 100 கிமீக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் 557.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி அது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைப் பிரிக்கத் திணறும், சென்சாரோ நொடிக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டை உள்பையில் வையுங்கள்.