டவுன்லோடு பட்டனை அழுத்தும் முன்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு தளத்தில் 'நான் ரோபோ அல்ல' என்று டிக் செய்யச் சொன்னது. செய்ததும், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்து, அப்புறம் கன்ட்ரோல்-வி, அப்புறம் என்டர் என்று வந்தது. அப்படியே செய்தேன். கறுப்பாக ஒரு விண்டோ வந்து உடனே மறைந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயந்து பயனில்லை. ஆனால் ஏதோ உள்ளே நுழைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு இன்றைக்கே வேலையில் இறங்குங்கள். நீங்கள் டிக் செய்த நொடியில் அந்தத் தளம் உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்துவிட்டது. விண்டோஸ்-ஆர் ரன் பெட்டியைத் திறக்கும், கன்ட்ரோல்-வி கட்டளையை அதில் ஒட்டும், என்டர் இயக்கிவிடும். ரன் பெட்டி சின்னது என்பதால் நீளமான கட்டளையின் வால் மட்டும்தான் கண்ணில் படும். அந்த வாலில் 'சரிபார்ப்பு எண் இத்தனை' என்பது போல அப்பாவியான ஒரு வரியை எழுதி வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை போடும் கருவி) சமாசாரம் தெரியவே தெரியாது.

கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இந்தத் தந்திரத்துக்கு. 2024-இல் இருந்து சக்கைப்போடு போடுகிறது. பெரும்பாலும் இதன் வழியாக இறங்குவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருள். நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளம் நினைவில் வைக்க உதவும் சிறு தகவல்தான் குக்கி. அது கையில் கிடைத்தால் பாஸ்வேர்டு தெரியாமலே உங்கள் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அதனால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்தில் இருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு' என்பதையும் கட்டாயம் அழுத்துங்கள். மின்னஞ்சலுக்கு ஏன் முதலிடம் என்றால், மற்ற கணக்குகளை மீட்கும் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும். அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை. ஸ்கேன் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தாலும், நானாக இருந்தால் விண்டோஸைச் சுத்தமாக மறுபடி நிறுவிவிடுவேன்.

கேள்வி: மேலே கேட்டவரிடம் நல்ல ஆன்டிவைரஸ் இருந்திருந்தால் தடுத்திருக்குமே? காசு கொடுத்து ஒன்று வாங்கலாமா?

பதில்: சில நேரம் தடுக்கும், சில நேரம் கோட்டை விடும். கட்டளையை இயக்கியது அவரேதானே. வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். அந்தக் காசில் பேக்கப் எடுக்க ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கேள்வி: அண்ணா, எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருக்கிறேன். இலவசமாக நல்ல பாஸ்வேர்டு மேனேஜர் சொல்லுங்களேன்.

பதில்: எங்கோ ஒரு சின்னத் தளத்தில் இருந்து அது கசிந்தால் போதும் தம்பி, அதையே உங்கள் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து, அவற்றைப் பூட்டிச் சேமிப்பதுதான் பாஸ்வேர்டு மேனேஜர். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்க வேண்டும் என்றால் கீபாஸ். போனிலும் கணினியிலும் ஒன்றாக வேண்டும் என்றால் பிட்வார்டன். பழக எளிது இரண்டாவதுதான்.

ஆனால் பெயரைக் கூகுளில் தேடி, முதலில் வருவதை அழுத்தாதீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் பெயரில் ஒரு போலி விளம்பரம் கூகுளில் ஓடியது. விளம்பரத்தில் காட்டிய முகவரி அச்சு அசல். அழுத்தினால் போய்ச் சேரும் போலித் தளத்தின் முகவரியும் அசல் மாதிரியேதான் இருந்தது. முதலில் வரும் 'கே' எழுத்தின் காலடியில் மட்டும் ஒரு சின்னக் குறி. திரையில் தூசி என்று விரலால் துடைத்துவிட்டுப் போயிருப்போம். 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருப்பதை எல்லாம் தாண்டிக் கீழே வாருங்கள். சரியான தளம் கிடைத்ததும் புக்மார்க் செய்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அசல் தளத்தில் இருந்து எடுத்தால் ஆபத்தே இல்லை, சரிதானே?

பதில்: ஆபத்து மிகக் குறைவு, அவ்வளவுதான். 2017-இல் கணினிக் குப்பை நீக்கும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தே, அவர்களுடைய டிஜிட்டல் கையெழுத்தோடேயே, உள்ளே வைரஸைச் சுமந்துகொண்டு ஒரு மாதம் போல வெளியே போய்க்கொண்டிருந்தது. சுமார் 22.7 லட்சம் பேர் அதை நிறுவியிருந்தார்கள். இது அபூர்வம், போலித் தளமோ அன்றாடம் நடப்பது. என்னைக் கேட்டால், அந்த மென்பொருள் தேவையா என்பதே முதல் கேள்வி. குப்பை நீக்க விண்டோஸ் செட்டிங்ஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) சுத்தம் செய்தால் வேகம் கூடும் என்பதெல்லாம் விளம்பர வசனம்.

கேள்வி: பழைய ஃபைல் ஒன்றைத் தேடினால் விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: எவ்ரிதிங் என்று ஒரு குட்டி மென்பொருள், வாய்ட்டூல்ஸ் தளத்தில் இலவசம். மூன்று எழுத்து அடிப்பதற்குள் பட்டியல் வந்து நிற்கும். மாயம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த டிஸ்க்கில் உள்ள எல்லா ஃபைல்களின் பெயரும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற அட்டவணையில் இருக்கும். ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்த அட்டவணையை நேராகப் படிக்கிறது இது. ஃபைலின் பெயரைத் தேடத்தான் சரி. உள்ளே எழுதியிருப்பதைத் தேட இதை நம்பாதீர்கள். அளவை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருக்கும் வீடியோக்கள் எல்லாம் வரிசையாகத் தலைகாட்டும்.

கேள்வி: வின்ரார் பல வருடமாக அப்படியே கிடக்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: சுருக்கிய ஃபைல்களை விரிக்கும் அந்த மென்பொருளை மாற்றாவிட்டாலும் புதுப்பியுங்கள். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, அதுதான் வம்பு. 2025-இல் வெளிவந்த ஓட்டை ஒன்றில், ரார் ஃபைலை விரித்தாலே போதும், உள்ளே ஒளித்து வைத்தது ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை லாகின் செய்யும்போது தானாக ஓடும். 7.13 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள். ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைத் திறந்து எண்ணைப் பாருங்கள். செவன்-ஜிப்புக்கு மாறினாலும் இதே கதைதான், அவ்வப்போது நீங்களே புதியதை இறக்க வேண்டும்.

கேள்வி: சந்தேகமான ஃபைலைத் திறக்காமலே சோதிக்க முடியுமா?

பதில்: வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். டஜன் கணக்கான ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பொய் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை இதையெல்லாம் அங்கே ஏற்றாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-ஐத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டத்தில் சேராமல் நெட்டில் உலவுவது நல்லதல்ல. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவின் லேப்டாப்பில் திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், 'உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வந்தது. மவுஸ்கூட அசையவில்லை. என்ன செய்வது?

பதில்: அழைக்காதீர்கள், அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அது முழுத்திரைக்கு விரிந்த வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சைரன் திரும்ப ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போல, தூரத்தில் இருந்தே கணினியை இயக்க விடும் எதையாவது நிறுவியிருந்தால் விஷயம் வேறு: நெட்டை நிறுத்திவிட்டு, முதல் கேள்விக்குச் சொன்னதை எல்லாம் அப்படியே செய்யுங்கள், வங்கிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.