சிறுவயது நினைவுகளோடு சேர்ந்து உங்களுக்குப் பிடித்துப்போன பழைய படங்கள், பாடல்கள் எவை?

எனக்குப் பிடித்த பழைய படங்களில் பாதியை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். அதிலும் பாதி வானொலியில், மீதி அப்பத்தா வாயில்.

எண்பதுகளின் தொடக்கம். மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம். அதைக் கேட்டு வளராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் எடுத்து, சுருக்கி ஒலிபரப்புவார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் பேசாத இடங்களில் பின்னணி இசை மட்டும் ஓடும். ஒரு கதவுச் சத்தம், ஒரு விசும்பல், அவ்வளவுதான்.

அந்த இடங்களில் அப்பத்தா பேசும். பெரும்பாலான படங்களை மானாமதுரைக்கோ மதுரைக்கோ போய்ப் பார்த்திருந்தது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இப்பத்தான் அவ படியில இறங்கி வாறா", "இப்ப அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டே வரும். திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். வசனம் மறுபடி வந்துவிட்டால் டக்கென்று நிறுத்திவிடும். ஒரு வசனத்தின் மேல்கூட அதன் பேச்சு விழுந்ததில்லை. அதற்கு எவ்வளவு கணக்கு வேண்டும் என்று இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

முதலிடம் பாசமலருக்கு. 1961இல் வந்த படம், பீம்சிங் இயக்கம், அண்ணன் தங்கையாக சிவாஜியும் சாவித்திரியும். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ்ஸும் பி.சுசீலாவும் பாடும் 'மலர்ந்தும் மலராத' தாலாட்டை முதன்முதலில் ரேடியோவில்தான் கேட்டேன். ஒரே பாட்டில் இரண்டு குரல் வருவதால் அண்ணனும் தங்கையும் ஒரே தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்லைய்யா, ரெண்டு பேரும் வேற வேற வீடு. அவக அவக பிள்ளைய வச்சுக்கிட்டுப் பாடுறாக" என்றது அப்பத்தா. எனக்குத் தொண்டை அடைத்தது. பத்து வயதுப் பையனுக்கு அதற்குமேல் என்ன புரியும்? ஆனால் ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள் ஒரே வீட்டில் இல்லை என்பது மட்டும் புரிந்தது. இன்றும் அந்தப் பாட்டில் சுசீலாவின் குரல் நுழையும் இடத்தில் எனக்கு இரண்டு வாசல்கள் தெரிகின்றன.

அப்பத்தாவுக்கு ஒரே அண்ணன். பக்கத்து ஊர்தான். கிணற்றுப் பங்குத் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் படம் ஓடும்போது மட்டும் அப்பத்தா வர்ணனையைப் பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விடும்.

அதே படத்தில் சாவித்திரி வெந்தயக் கலர் சேலை கட்டியிருப்பதாக அப்பத்தா சொல்லியிருந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் கருப்பு வெள்ளை டிவியில் தூர்தர்ஷன் அந்தப் படத்தைப் போட்டபோது, இந்த டிவியில் கலர் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து சென்னையில் ஒரு கலர் டிவியில் பார்த்தபோதுதான் பாசமலரே கருப்பு வெள்ளைப் படம் என்று தெரிந்தது. அந்தச் சேலைக்கு நிறம் கொடுத்தது அப்பத்தா. எனக்கு அது இன்னும் வெந்தயக் கலர்தான், மாற்றிக்கொள்ள மனமில்லை.

அடுத்தது ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடல், 1965. காதால் மட்டும் கேட்டாலே நிறைந்துவிடும் படம் அது. தருமியாக நாகேஷ் புலம்புவதையும், நக்கீரராக நாகராஜனே வந்து சிவனோடு வாதிடுவதையும் நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் என் மனசு நின்றது ஹேமநாத பாகவதர் கதையில். பாலையா கர்வத்தோடு பாடும் 'ஒரு நாள் போதுமா' பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம் என்று ராகத்தின் பெயரைச் சொல்லும்போதே பாட்டும் அந்த ராகத்துக்குள் போய்விடும். ராகம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

பிறகு விறகுவெட்டியாக வந்த சிவன் பாடும் 'பாட்டும் நானே'. கௌரிமனோகரி ராகம், கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.எஸ் குரல். பாட்டின் நடுவே சட்டென்று எல்லாம் நின்று அமைதியாகிவிடும். முதல் தடவை ரேடியோ போய்விட்டது என்று நினைத்து நான் எழுந்து பெட்டியைத் தட்டப் போனேன். அப்பத்தா கையைப் பிடித்து இழுத்து, "உக்காரு. அவரு பாட்ட நிறுத்திட்டாரு. ஒலகமே நின்னுபோச்சு" என்றது. கடலலைகூட அப்படியே நிற்குமாம். அந்தச் சில நொடிகள் திண்ணையில் நாங்களும் அசையாமல் இருந்தோம்.

அந்தப் படத்தை வைகை மணலுக்கு அக்கரையில் இருந்த டூரிங் டாக்கீஸில் பார்த்தது அடுத்த வருஷம். சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை, முறுக்கும் கலர் சோடாவும் நடந்துகொண்டே இருக்கும். அன்றுதான் தெரிந்தது, அந்தப் பாட்டில் பாடுகிறவரும் சிவாஜி, வீணை வாசிப்பவரும் சிவாஜி, குழலும் மிருதங்கமும் ஜதியும் அவரே. இதை மட்டும் அப்பத்தா எங்களிடம் சொல்லவே இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து கேட்டேன். "எல்லாத்தையும் நானே சொல்லிப்புட்டா நீ என்னத்தப் பாக்குறது?" என்றது.

பட்டியல் நீளும். தில்லானா மோகனாம்பாளில் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம், இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் குரலுக்குப் பின்னால் வந்த பாட்டுகள், பின்னாளில் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய டிடிகே 60 கேசட். அதில் ஏ பக்கம் முதல் பாட்டு ஜானி படத்தில் ஜானகி பாடிய 'காற்றில் எந்தன் கீதம்'. இவையெல்லாம் பிடிக்கும். ஆனாலும் கடைசியாக ஒரு படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மகேந்திரனின் முள்ளும் மலரும். 1978இல் வந்தது. அவர் இயக்கிய முதல் படம், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் இசை. எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர ஆறேழு வருஷம் ஆனது. அதற்குள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. மணலில் நடக்கவும் முடியாது. "அண்ணன் தங்கச்சி படமாமே, நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்று காசு கொடுத்து அனுப்பியது.

சொல்வது லேசாக இல்லை. பாசமலரில் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசுவார்கள், இந்தப் படத்தில் பேச்சே குறைவு. ஜேசுதாஸ் பாட்டில் ஜீப் மலைப்பாதையில் போவதையும், அந்தப் பனியையும், ஷோபாவின் முகத்தையும் எந்த வசனத்தை வைத்துச் சொல்வது? அன்றைக்குத்தான் அப்பத்தா இத்தனை நாள் செய்த வேலையின் பெருமை எனக்குத் தெரிந்தது. வாணி ஜெயராம் பாடும் நெல்லுச்சோற்றுப் பாட்டைச் சொன்னபோது சிரித்தது. விஞ்ச் என்னும் இழுவை வண்டி ஓட்டும் அண்ணன் காளிக்கு ஒரு கை போனதைச் சொன்னபோது, "அய்யோ, தங்கச்சிக்குச் சோறு போட்ட கையில்ல" என்றது. கடைசியில் எஞ்சினியரோடு கல்யாணத்துக்குப் புறப்பட்ட தங்கை வள்ளி, எதிரே நிற்கும் அண்ணனைப் பார்த்ததும் எல்லாரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடுகிறாள். அந்த எஞ்சினியரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே காளி சம்மதிக்கிறான்.

அந்த இடத்தை நான் சொல்லி முடித்ததும் அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்பக்கம் எழுந்து போகவும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டது.

"ஓடுனாளே, அப்ப அந்தப் புள்ள என்ன கலருல சேலை கட்டியிருந்தா?"

நான் கவனிக்கவில்லை. வாயில் வந்தது ஒரே ஒரு நிறம்தான்.

"வெந்தயக் கலர் அப்பத்தா."

"அதான பாத்தேன்" என்றது.