பழைய லேப்டாப்புல விண்டோஸ் போடறப்போ "ஹார்ட் டிஸ்க்கே இல்ல"ன்னு வருது, டிஸ்க் போயிடுச்சா?

அனேகமா போயிருக்காது தம்பி. கடையில கொண்டுபோய் காட்டியிருப்பீங்க, அவரு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "டிஸ்க் அவுட்டு, புதுசு போடணும்"னு சொல்லியிருப்பாரு, நீங்களும் பாதி நம்பிட்டுதான் இங்க வந்து கேக்கறீங்க. நான் முழுசாவே நம்புனவன். அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதறேன், இல்லன்னா நான் பதில் எழுதற ஆளே இல்ல.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. ரங்கூன்ல உளுந்து, துவரை ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனில கணக்கு எழுதறேன். பத்து வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் பிரிண்டர நான் சரி பண்ணிக் குடுத்தது தெரிஞ்சுபோச்சு, அன்னையில இருந்து சொந்தக்காரங்களுக்கும் கோயிலுக்கும் நான்தான் எஞ்சினியர்.

கோயில்னா ரங்கூன்ல இருந்து ஆத்தத் தாண்டி தன்லின் பக்கம் இருக்கற கோயில், அந்த ஊர எங்க பெரியவங்க இன்னும் பழைய பேருல சிரியம்னுதான் சொல்வாங்க. அங்க ஒரு லேப்டாப் இருக்கு, 2008 மாடல், சிங்கப்பூர்ல வேல பாத்த ஒருத்தர் குடுத்தது. அர்ச்சனைச் சீட்டு, நன்கொடை ரசீது, கோடை லீவுல புள்ளைங்களுக்கு நடக்கற தமிழ் வகுப்புப் பாடம் எல்லாம் அதுலதான். விண்டோஸ் எக்ஸ்பி. உடனே "எக்ஸ்பியா, அதுக்கு 2014 ஏப்ரல் 8ஓட சப்போர்ட் முடிஞ்சுதே"ன்னு ஒருத்தர் வருவாரு, தெரியும்யா. அது நெட்ல இல்ல, ரசீது போடற சாஃப்ட்வேர் எக்ஸ்பியத் தாண்டி ஓடாது, அத எழுதுன பெரியவரும் இப்ப இல்ல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு தன்லினுக்கு வந்து எங்க பொருளாளர் மாமாவுக்கு லினக்ஸ் சொல்லிக் குடுங்க, மோஹிங்கா (இங்கத்து மீன் குழம்பு நூடுல்ஸ்) நான் வாங்கித் தர்றேன்.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்போ போன் வந்துச்சு. ஆன் பண்ணா நீலத் திரை, அதுல ஸ்டாப் 7பின்னு ஒரு பிழை நம்பர். விண்டோஸ் கெட்டுப்போச்சு, திரும்பப் போட்டுட்டா சரியாயிடும்னு சிடியோட போனேன். சிடி ஓடுது, கொஞ்ச நேரத்துல "உங்க கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் எதுவும் கிடைக்கல, வெளிய போக எஃப்3 அமுத்து"ன்னு நிக்குது. ஆனா பயாஸ்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மெஷினோட சொந்த செட்டிங் பக்கத்துக்குள்ள போனா டிஸ்க் பேரு, 160 ஜிபி எல்லாம் அழகா இருக்கு. சிடியில இருந்தே ஓடற லினக்ஸ் லைவ் சிடி போட்டா ஃபைல் எல்லாம் திறக்குது. அப்ப டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம், அதுவரைக்கும் எனக்குப் புத்தி வேல செஞ்சுது.

காரணம் இதுதான். எக்ஸ்பி வந்தது 2001ல. சாட்டாங்கற கனெக்டர்ல மாட்டற டிஸ்க்க ஏஹெச்சிஐங்கற முறையில பேச வைக்கற டிரைவர், அதாவது அதுக்கான சின்ன சாஃப்ட்வேர், அந்த சிடியில கிடையாது. லேப்டாப்புல சாட்டா மோடு ஏஹெச்சிஐன்னு இருந்தா எக்ஸ்பிக்கு அங்க டிஸ்க் இருக்கறதே தெரியாது. பயாஸ்ல அத ஐடிஇ (பழைய முறை) அல்லது கம்பாட்டிபிள்னு மாத்துனா போதும், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேரு வச்சிருப்பாங்க. இல்லன்னா எஃப்6 அமுத்தி ஃபிளாப்பில டிரைவர் குடுக்கணும், ஃபிளாப்பிக்கு எங்க போறது? மாத்துனேன், டிஸ்க் வந்துடுச்சு, சி டிரைவ ஃபார்மட் பண்ணிட்டு எக்ஸ்பி காப்பி ஆக ஆரம்பிச்சுது. மாமா டீ வரவழைச்சாரு.

அப்ப கரண்ட் போச்சு. ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு இத விளக்க வேணாம், நாலு மணி நேரம் கரண்ட் நாலு மணி நேரம் இருட்டுன்னு ஓடிட்டிருந்த காலம். அந்த லேப்டாப் பேட்டரி செத்து வருஷக்கணக்காச்சு, அடாப்டர்லதான் உயிர். ராத்திரி தெருவே "மீ லாபியி"ன்னு (கரண்ட் வந்துடுச்சுன்னு) கத்துச்சு, ஓடிப்போய் ஆன் பண்ணா மறுபடி அதே 7பி. சிடி போட்டா மறுபடி டிஸ்க் இல்ல.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். பயாஸ மறுபடி திறந்து பாக்கத் தோணல, காலையிலதானே மாத்துனோம்னு ஒரு மெதப்பு. எழுதிட்டிருக்கறப்போ கரண்ட் போய் டிஸ்க் அடிவாங்கிடுச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். மறுநாள் ரங்கூன்ல ஒரு கடையில குடுத்தேன், பேரு வேணாம், அவரும் தலையாட்டிட்டு புது டிஸ்க்க வித்துட்டாரு. பத்து நாள் அர்ச்சனைச் சீட்டுக் காசு. பஸ்ஸப் புடிச்சு ஆத்தத் தாண்டிப் போய் மாட்டுனா புது டிஸ்க்கும் இல்லைங்குது!

மாமா ஒண்ணும் சொல்லல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, அவ்வளவுதான். தமிழ் வகுப்புக்கு வர்ற ஒரு பொண்ணு, ஆறாவது படிக்கறா, பின்னாடி நின்னு வேடிக்க பாத்துட்டிருந்தவ "மாமா, இதுல ஏன் 2008 ஜனவரின்னு இருக்கு?"ன்னா. பயாஸ் முதல் பக்கம், தேதி. நேத்தும் அதுதான் இருந்திருக்கும், நான் பாக்கவே இல்ல.

உள்ள ஒரு காசு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூணு வோல்ட். இந்த மாதிரி பழைய லேப்டாப்புல தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் அதுதான் புடிச்சு வச்சிருக்கும். அதுவும் செத்து, பெரிய பேட்டரியும் செத்திருந்தா, அடாப்டர்ல கரண்ட் நின்ன அடுத்த நிமிஷம் எல்லாம் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிடும். இந்த லேப்டாப்புக்கு கம்பெனி செட்டிங் ஏஹெச்சிஐ. அதாவது முதல் நாள் நீலத் திரையே இதனாலதான். எக்ஸ்பி கெட்டே போகல, நான் ஃபார்மட் பண்ணிருக்கவே வேண்டாம். இத இன்னிக்கு வரைக்கும் கோயில்ல யார்கிட்டயும் சொல்லல, அவங்க யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்கன்னு நம்பி எழுதறேன்.

சில லேப்டாப்புல அந்தப் பேட்டரி வயர் வச்சு பிளாஸ்டிக் சுத்தி ஒரு குட்டி பிளக்கோட இருக்கும், ராம் மூடிக்குக் கீழயோ கீபோர்டுக்கு அடியிலயோ. வாட்ச் கடை பேட்டரிய அப்படியே வைக்க முடியாது, ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர்தான் வயர் வச்சுக் குடுத்தாரு. டீக்காசு கூட வாங்கல.

இப்ப உங்க விஷயம். பயாஸ திறந்து முதல்ல தேதியப் பாருங்க, அப்புறம் டிஸ்க் பேரு இருக்கான்னு பாருங்க. பயாஸ்லயே பேரு இல்லன்னா டிஸ்க்க ஒருதடவ கழட்டி மாட்டுங்க, கனெக்டர் லூஸா இருக்கும், அப்பவும் இல்லன்னா வேற மெஷின்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் காசு செலவழிங்க. எம்.2ங்கற குச்சி மாதிரி எஸ்எஸ்டி டிஸ்க் புதுசா வாங்கி மாட்டியிருந்தா அந்த ஸ்லாட் சாட்டா மட்டும் எடுக்கறதா இருக்கலாம், என்விஎம்இங்கற வேற வகை போட்டா தெரியவே தெரியாது. பயாஸ்ல பேரு இருந்தும் இன்ஸ்டால் பண்றப்போ மட்டும் டிஸ்க் இல்லன்னா அது மோடு அல்லது டிரைவர் பிரச்சன. விண்டோஸ் 7 போடறீங்கன்னா, யுஎஸ்பி 3 போர்ட்ல பென் டிரைவ் சொருகிட்டு "டிரைவர் இல்ல"ன்னு வந்தா அது ஹார்ட் டிஸ்க்கப் பத்தி இல்ல, 2009ல வந்த விண்டோஸ் 7க்கு யுஎஸ்பி 3 தெரியாது, பக்கத்து பழைய போர்ட்டுக்கு மாத்துங்க. உள்ள ஏற்கனவே விண்டோஸ் இருந்தா மோட சும்மா மாத்தாதீங்க, அது பூட் ஆகாம நிக்கும், நின்னா பழைய மோடுக்கே திருப்புங்க. யூடியூபப் பாத்துட்டு டிஸ்க்பார்ட்ங்கற விண்டோஸ் கமாண்ட்ல "கிளீன்" மட்டும் அடிச்சுடாதீங்க, சி, டின்னு பிரிச்ச பார்ட்டிஷனே போயிடும்.

இன்னொரு எரிச்சல், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். நான் ஃபார்மட் பண்ண சி டிரைவ்ல யூனிகோடு (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) இல்லாத ஒரு பழைய தமிழ் ஃபான்ட் இருந்துச்சு. டி டிரைவ்ல பாடம் எல்லாம் பத்திரமா இருந்தும், திறந்தா "அ ஆ"க்கு பதிலா இங்கிலீஷ் எழுத்துக் குப்ப. பர்மியக்காரங்க 2019 அக்டோபர்ல நாடு முழுக்க ஸாவ்ஜிங்கற அவங்க பழைய ஃபான்ட விட்டுட்டு யூனிகோடுக்குப் போனாங்க, நம்ம கமிட்டிகிட்ட நானும் அப்பவே சொன்னேன், "இப்ப நல்லாத்தானே தம்பி இருக்கு"ன்னாங்க. கடைசில பகோ ஊர்ல ஒரு வாத்தியார் பென் டிரைவ்ல அந்த ஃபான்ட் கிடைச்சு, உத்திரத்துக்கு முந்தின ராத்திரி வந்து சேந்துச்சு.

புது டிஸ்க் கணக்கு ஒவ்வொரு வருஷமும் பொதுக்கூட்டத்துல வாசிக்கப்படுது. டிஸ்க் என் பீரோவுலதான் இருக்கு, கடைக்காரர் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு.